புதிதாகப் பூட்டிய கணினி ஓடவில்லையா? எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள்

கொழும்பில் இருந்து இரவு பஸ்ஸில் வந்த பெட்டிகளை விடியக்காலையில் திருகோணமலை பஸ் நிலையத்தில் இறக்கி, பகல் முழுக்க இருந்து ஒவ்வொன்றாகப் பூட்டி, கடைசியில் பட்டனை அழுத்தும்போது ஒன்றுமே நடக்காவிட்டால் வயிற்றைப் பிசையும். சும்மா வந்த காசா அது? இரண்டு வருடம் சேர்த்தது. கை தானாகத் தொலைபேசியை எடுக்கும். "மதர்போர்ட் செத்துப் போச்சு, மாற்றித் தாங்க" என்று வாங்கிய இடத்துக்குச் சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

நான் திருகோணமலை அலஸ்தோட்டத்தில் வீட்டு முன்னறையில் வைத்துக் கணினி பூட்டிக் கொடுக்கிறவன். புதிதாகப் பூட்டி ஓடவில்லை என்று என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவற்றில் செத்த பாகம் எதுவும் இருந்ததில்லை. முழுதாக அமராத ஒரு பிளக், ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கி நிற்கும் ரேம் (நினைவகத் துண்டு), இருக்கக் கூடாத இடத்தில் ஒரு பித்தளைக் கால், இப்படித்தான் இருக்கும்.

இதை நான் படிக்க ஒரு பிள்ளையின் மூன்று வாரம் வீணாகிப் போனது. தொழில் தொடங்கிய காலத்தில் ஒரு மதர்போர்ட்டை, அதாவது மற்றப் பாகங்கள் எல்லாம் கொழுவும் தாய்ப்பலகையை, முழுதாகச் சோதிக்காமல் வாரண்டிக்கு என்று கொழும்புக்கு அனுப்பிவிட்டேன். அது போய், வரிசையில் கிடந்து, "பிழை ஒன்றும் இல்லை" என்ற துண்டோடு திரும்பி வந்தது. பிழை என் மேசையிலேயே, கேசிங்குக்குள் இருந்திருக்கிறது. இங்கிருந்து கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். எந்தப் பாகம் பழுது என்று உறுதியாகத் தெரியும்வரை எதையும் அந்தத் தூரம் அனுப்பக் கூடாது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. கணினி படிப்படியாகத்தான் எழும்பும். சுவரில் சுவிட்சைப் போட்டதும் பவர் சப்ளை 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை மதர்போர்ட்டுக்குக் கொடுக்கும். பட்டனை அழுத்தினால் மற்ற மின்சாரங்கள் வரும். எல்லாம் நிலையாகிவிட்டது என்று பவர் சப்ளை ஒரு சைகை கொடுக்கும். அதற்குப் பிறகுதான் புரொசெசர் வேலை தொடங்கும். பிறகு பயோஸ் என்ற அடிப்படை மென்பொருள் ரேம், திரை, டிஸ்க் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து விண்டோஸிடம் ஒப்படைக்கும். உங்கள் மெஷின் எந்தப் படியில் நிற்கிறதோ, அதற்கு முந்திய படிகளில் பெரிய பிழை இருக்காது. ஆகவே கீழே உங்கள் மெஷினின் குணம் எதுவோ அதை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

கை வைக்க முன் சுவர்ப் பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகு பவர் பட்டனை ஐந்தாறு செக்கன் அழுத்திப் பிடித்தால் உள்ளே மிஞ்சியிருப்பது வடியும். கேசிங்கின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பவர் சப்ளையின் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கி நிற்கும்.

பட்டனை அழுத்தினால் ஒன்றுமே இல்லை

ஃபேன் அசையவில்லை, வெளிச்சம் இல்லை, சத்தம் இல்லை. முதலில் சுவரைப் பாருங்கள். அதே பிளக் பொயின்டில் ஒரு மேசை விளக்கைப் போட்டுப் பாருங்கள். போன் சார்ஜர் மிகக் குறைந்த மின்சாரத்திலும் வேலை செய்யும், அதை நம்ப வேண்டாம். எங்கள் பழைய வீடுகளில் வட்டக் கால் பொயின்ட், புதிய வயர்களில் 13 அம்பியர் சதுரக் கால். இரண்டையும் சேர்க்க இடையில் ஒரு அடாப்டர் இருக்கும். அது லூசாகி ஆடும். பவர் சப்ளையின் பின்பக்கச் சுவிட்சில் "I" பக்கம் அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த, பழைய வகைப் பவர் சப்ளை என்றால் பின்னால் சிவப்பு நிறத்தில் 115 / 230 என்று தள்ளும் சின்னச் சுவிட்ச் ஒன்று இருக்கலாம். இலங்கையில் மின்சாரம் 230 வோல்ட். அந்தச் சுவிட்ச் 115 இல் இருக்கும்போது பிளக்கைப் போட்டால் உள்ளே வெடித்துவிடும், ஆகவே பிளக்கைப் போட முதலே பாருங்கள்.

இவை சரி என்றால் கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மின்சாரத்தைப் போடுங்கள். பல மதர்போர்ட்களில் காத்திருப்பு மின்சாரம் வந்ததும் ஒரு சின்ன எல்.ஈ.டி. எரியும். எரிந்தால் சுவரும் வயரும் சரி, பவர் சப்ளையில் பாதியாவது உயிரோடு இருக்கிறது. எரியாவிட்டால் 24 பின் பெரிய பிளக்கைப் பாருங்கள்.

கிண்ணியாவில் இருந்து ஒரு நானா மகளுக்காகப் பூட்டிய மெஷினை ஓட்டோவில் கொண்டு வந்திருந்தார். மகள்தான் பூட்டியவள்; உயர்தரம் படிக்கிற பிள்ளை. வீடியோக்களைப் பார்த்துத் தனியாகவே பூட்டியிருந்தாள், வயர்கள் எல்லாம் அவ்வளவு அழகாகக் கட்டியிருந்தன. "நான் எல்லாத்தையும் மூன்று தரம் பார்த்தேன் அண்ணா" என்றாள். பார்த்திருப்பாள். 24 பின் பிளக் மேலிருந்து பார்க்க இறங்கிய மாதிரித்தான் இருந்தது. பக்கவாட்டில் டோர்ச் அடித்துக் காட்டினேன். கிளிப்பின் கொக்கி, மதர்போர்ட் சொக்கட்டின் மேட்டுக்கு மேலே நின்றது, பிடிக்கவில்லை. "தங்கச்சி, நீங்களே அழுத்துங்க" என்றேன். போர்ட் வளையுமோ என்று பயந்தாள். அடியில் ஒரு கை கொடுத்துக்கொண்டு, பிளக்கின் இரண்டு பக்கமும் மாறி மாறி அழுத்தச் சொன்னேன். "டிக்" என்று ஒரு சத்தம். சுவர்ப் பிளக்கைப் போட்டதும் போர்ட்டின் மூலையில் பச்சை வெளிச்சம் வந்தது. நானா கண்ணை மூடி "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அந்தப் பிளக் இறங்கக் கொஞ்சம் பலம் வேண்டும், பயப்படாதீர்கள். கொக்கி மேட்டைப் பிடித்திருக்கிறதா என்பதைக் கண்ணால் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

வெளிச்சம் எரிகிறது, ஆனால் பட்டனுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றால் கேசிங்கின் முன்பக்கத்தில் இருந்து வரும் மெல்லிய வயர்கள்தான் அடுத்தது. மதர்போர்ட்டின் கீழ் மூலையில் இரண்டு வரிசையாக ஒன்பது ஊசிகள் இருக்கும், பத்தாவது ஊசி இருக்காது. பெரும்பாலான போர்ட்களில் 6ஆம், 8ஆம் ஊசிகள் பவர் பட்டனுக்கு உரியவை. கையேட்டில் படம் இருக்கும். பவர் பட்டன் வயரை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் வேலை செய்யும், எல்.ஈ.டி. வயர்களுக்கு மட்டும்தான் பக்கம் உண்டு. இந்த வயரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூ ட்ரைவர் நுனியால் ஒரு கணம் தொடுங்கள். மெஷின் எழும்பினால் பிழை கேசிங் பட்டனில். அது மாறி வரும்வரை ரீசெட் பட்டன் வயரை அந்த இடத்தில் போட்டு ஓட்டலாம்.

அப்படியும் எழும்பவில்லை என்றால் பவர் சப்ளையைத் தனியே சோதிக்க வேண்டும். பிளக்கைச் சுவரில் இருந்து கழற்றி, பவர் சப்ளையின் வயர்கள் எல்லாவற்றையும் மற்றப் பாகங்களில் இருந்து எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு கேசிங் ஃபேனை மட்டும் அதில் கொழுவுங்கள். 24 பின் பிளக்கில் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு, பிறகு கரண்டைப் போடுங்கள். எல்லா வயரும் கறுப்பாக இருந்தால் 16ஆம், 17ஆம் பின்கள் என்று கையேட்டுப் படத்தைப் பார்த்து எண்ணுங்கள். கேசிங் ஃபேன் சுற்ற வேண்டும். பவர் சப்ளையின் சொந்த ஃபேனை நம்ப வேண்டாம், சூடு ஏறும்வரை சுற்றாத வகைகள் இருக்கின்றன. சுற்றவே இல்லை என்றால், இது செத்த பாகம், அனுப்பலாம். சுற்றினால் அது முழுக்க நல்லது என்று அர்த்தமில்லை. அடியோடு செத்துவிடவில்லை என்பது மட்டும் தெரியும்.

கேசிங்கைத் தொட்டால் சுரீர் என்கிறது, அல்லது ட்ரிப் சுவிட்ச் விழுகிறது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்து வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். "பவர் சப்ளை லீக் அடிக்குது" என்று பயந்து கொண்டு வருவார்கள். பவர் சப்ளையின் வாசலில் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள், லைவில் இருந்தும் நியூட்ரலில் இருந்தும் கேசிங் இரும்புக்குப் போகும். அவற்றில் கசியும் துளி மின்சாரம் எர்த் வயர் வழியாகப் போய்விட வேண்டும். இரண்டு கால் அடாப்டரில் கொழுவினாலோ, சுவர்ப் பொயின்டில் எர்த் வயரே இல்லாவிட்டாலோ, அது போக இடமில்லாமல் கேசிங்கில் நிற்கும். கிட்டத்தட்ட பாதி மின்னழுத்தம், அதாவது 115 வோல்ட் அளவு காட்டும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் சுரீர் என்பதோடு போகும். பவர் சப்ளையை மாற்றினாலும் இது போகாது. எர்த் உள்ள பொயின்டுக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மின்சார வேலை தெரிந்தவரைக் கொண்டு எர்த் போட வேண்டும். செருப்போடு இருந்தால் தெரியாது என்று விட்டுவிடாதீர்கள். எர்த் இல்லாத வீட்டில் உண்மையான லீக் வந்தால் காப்பாற்ற எதுவும் இல்லை. மொனிட்டர் வயரைக் கொழுவும்போது அந்தச் சின்ன மின்சாரமே இணைப்புகளைப் பாதிக்கவும் கூடும்.

ட்ரிப் சுவிட்ச் விழுவது வேறு கதை. வீடுகளில் சாதாரணமாக 30 மில்லி அம்பியர் கசிந்தால் விழுகிற வகையைத்தான் போடுவார்கள். மெஷினைப் போட்டதும் விழுந்தால், பவர் சப்ளையை மட்டும் தனியே, உள் வயர் ஒன்றும் கொழுவாமல், வேறு பொயின்டில் போட்டுப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் இன்னொரு வீட்டில் பாருங்கள். அங்கேயும் விழுந்தால் பவர் சப்ளை பிழை. அங்கே விழாவிட்டால் உங்கள் வீட்டு வயரிங்கில் ஏற்கனவே எங்கோ கசிகிறது. கடல் காற்றுப் படும் வெளிச்சுவர் விளக்கு, தண்ணீர் மோட்டார், இவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கச் சொல்லுவேன்.

ஒரு செக்கன் சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது

பவர் சப்ளை எங்கோ ஷோர்ட் இருப்பதைக் கண்டு தன்னைத் தானே நிறுத்துகிறது. கொழும்புக்குப் போய் வந்த அந்த மதர்போர்ட்டின் கதை இதுதான். கேசிங்கின் அடித்தகட்டில் மதர்போர்ட்டைத் தாங்க அறுகோண வடிவப் பித்தளைக் கால்கள் இருக்கும். கேசிங்கோடு வந்தபோது பெரிய போர்ட்டின் அளவுக்கு அவை பூட்டியிருக்கும். நீங்கள் சின்ன மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்ட் போட்டால் ஒன்றிரண்டு கால்கள் துளை இல்லாத இடத்தில் போர்ட்டின் முதுகைத் தொட்டுக்கொண்டு நிற்கும். நான் கழற்றிப் பார்த்தபோது போர்ட்டின் பின்பக்கத்தில், ஈயம் பற்றிய ஊசிகளுக்கு மேல், அந்தக் காலின் வட்டத் தழும்பு சரியாகப் பதிந்திருந்தது. கால்களை எண்ணுங்கள், துளைகளை எண்ணுங்கள். துளை இல்லாத இடத்தில் நிற்கும் காலைக் கழற்றுங்கள். உருண்டு போன ஸ்க்ரூ ஒன்று அடியில் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

இதைச் சோதிக்க நல்ல வழி, எல்லாவற்றையும் வெளியே எடுத்து மதர்போர்ட் வந்த அட்டைப் பெட்டிக்கு மேல் வைத்து ஓட்டுவதுதான். போர்ட், புரொசெசர், அதன் ஃபேன், ஒரே ஒரு ரேம், பவர் சப்ளை. அவ்வளவுதான். புரொசெசருக்குள் திரை வசதி இல்லாவிட்டால் மட்டும் கிராபிக்ஸ் கார்ட். பெட்டிக்கு மேல் ஓடி, கேசிங்குக்குள் ஓடாவிட்டால், பிழை கேசிங் பக்கம். மதர்போர்ட் சுற்றி வரும் வெள்ளிப் பையின் மேல் வைக்காதீர்கள், அதன் வெளிப்பக்கம் மின்சாரத்தைக் கடத்தக் கூடும். பெட்டியின் அட்டை போதும்.

மற்றது வயர். பவர் சப்ளையில் வயர்கள் கழற்றிப் பூட்டுகிற வகை என்றால், பழைய பவர் சப்ளையின் வயர்களைப் புதியதில் போடாதீர்கள். கொம்பனிக்குக் கொம்பனி, சிலவேளை ஒரே கொம்பனியிலும் மாடலுக்கு மாடல், பவர் சப்ளைப் பக்கத்துப் பின் ஒழுங்கு வேறு. பிளக் அழகாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிஸ்க் எரியும்.

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாக இருக்கிறது

என்னிடம் வருவதில் அதிகம் இதுதான்.

மொனிட்டர் வயர் எங்கே போகிறது? கிராபிக்ஸ் கார்ட் போட்டிருந்தால் வயர் அந்தக் கார்ட்டில் கொழுவ வேண்டும், மதர்போர்ட்டின் எச்.டி.எம்.ஐ. சொக்கட்டில் கொழுவக் கூடாது. உவர்மலையில் ஒரு தம்பி இரண்டு நாள் நித்திரை இல்லாமல் இருந்து, கடைசியில் இந்த ஒரு வயரை மாற்றிக் கொழுவியதும் படம் வந்தது. அந்தச் சொக்கட் போர்ட்டில் இருப்பதால் அது வேலை செய்யும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அதற்குப் படம் வருவது புரொசெசருக்குள் இருந்து. இன்டெல்லில் பெயரின் முடிவில் "எஃப்" வரும் புரொசெசர்களில், உதாரணமாக ஐ5 12400எஃப், அந்த வசதி இல்லை. ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600 இலும் இல்லை. 5600ஜி யில் உண்டு. மொனிட்டரில் சரியான உள்ளீடு தெரிவு செய்யப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்தது பொறுமை. டி.டி.ஆர்.5 ரேம் உள்ள புது மெஷின், முக்கியமாக ரைசன் 7000 வரிசையும் அதற்குப் பின் வந்தவையும், முதல் தரம் ரேமோடு பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். திரை கறுப்பாகவே சில நிமிடம் நிற்கும், இடையில் அணைந்து தானாக எழும்பவும் செய்யும். இது பிழை இல்லை. ஒவ்வொரு முறையும் அரை நிமிடத்தில் பயந்து பவரை நிறுத்தினால் அது ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து தொடங்கும். போட்டுவிட்டு எழும்பிப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். பதினைந்து நிமிடம் கொடுங்கள்.

பிறகும் கறுப்பு என்றால் மதர்போர்ட்டையே கேளுங்கள். இப்போதைய போர்ட்கள் பலவற்றில் ஒரு விளிம்பில் நான்கு சின்ன எல்.ஈ.டி. இருக்கும், பக்கத்தில் சி.பி.யு. (புரொசெசர்), டிரேம் (ரேம்), வி.ஜி.ஏ. (கிராபிக்ஸ் கார்ட்), பூட் (டிஸ்க்) என்று எழுதியிருக்கும். ஒவ்வொன்றாக எரிந்து அணைந்து போக வேண்டும். எது எரிந்தபடி நிற்கிறதோ அங்கேதான் பிழை. வாங்கும்போது இந்த வெளிச்சங்கள் உள்ள போர்ட்டாகப் பார்த்து வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. பகட்டு வெளிச்சங்களுக்குக் கொடுக்கிற காசை இதற்குக் கொடுக்கலாம்.

டிரேம் வெளிச்சம் நின்றால், ரேமைக் கழற்றி மறுபடி போடுங்கள். இரண்டு முனையையும் பெருவிரலால் அழுத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கிளிப் உள்ள போர்ட்களில் கிளிப் இல்லாத பக்கம் தூக்கி நிற்பது தெரியாது. இரண்டு ரேம் என்றால் பெரும்பாலும் புரொசெசரில் இருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்கள், போர்ட்டில் ஏ2, பி2 என்று இருக்கும். ஒன்றை மட்டும் ஏ2 இல் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை. பாவித்த ரேமோ கார்ட்டோ வாங்கியிருந்தால் அதன் தங்க நிறக் கால்களைப் பாருங்கள். உப்புவெளி, டச் பே பக்கத்துக் கடற்கரை வீடுகளில் ஓடியவற்றில் அவை மங்கி, சிலவேளை பச்சை பிடித்திருக்கும். சுத்தமான வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டி, ஐசோபுரோபைல் அல்ககோலால் துடைத்துக் காயவிட்டுப் போடுங்கள். இதனால் மட்டும் எழும்பிய மெஷின்கள் இருக்கின்றன.

சி.பி.யு. வெளிச்சம் நின்றால் முதலில் போர்ட்டின் மேல் இடது மூலையில் உள்ள 8 பின் பிளக். 24 பின்னை மட்டும் போட்டுவிட்டு இதை மறந்தால் ஃபேன்கள் சுற்றும், புரொசெசருக்கு மட்டும் மின்சாரம் போகாது. இது 4+4 என்று பிரியும். கிராபிக்ஸ் கார்ட்டின் வயர் 6+2 என்று பிரியும். ஒன்றை மற்றதன் இடத்தில் திணிக்க வேண்டாம். அது சரி என்றால் பயோஸ் பதிப்பு. மதர்போர்ட் பெட்டியில் அடைக்கப்பட்ட நாளில் உலகில் இல்லாத புரொசெசரை அதற்குத் தெரியாது. பி450 போர்ட்டில் ரைசன் 5000, எச்610 அல்லது பி660 போர்ட்டில் இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறை போட்டவர்கள் இதில் மாட்டுவார்கள். போர்ட் கொம்பனியின் தளத்தில் உங்கள் புரொசெசருக்கு எந்தப் பதிப்பு வேண்டும் என்று இருக்கும். போர்ட்டின் பின்னால் பயோஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் நல்ல காலம். ஃபெட்32 ஆக ஃபோர்மட் செய்த பென் ட்ரைவில், கையேடு சொல்லும் பெயரில் கோப்பைப் போட்டு, அதற்கென்று குறித்த யூ.எஸ்.பி. சொக்கட்டில் கொழுவி அந்தப் பட்டனை அழுத்தினால் பழைய புரொசெசர் இல்லாமலே மாற்றிக்கொள்ளலாம். வெளிச்சம் மின்னி முடியும்வரை தொடக் கூடாது. நடுவில் கரண்ட் போனால் பயோஸ் பாதியில் நின்றுவிடும். மார்கழி மழை நாளில் யு.பி.எஸ். இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

வி.ஜி.ஏ. வெளிச்சம் என்றால் கார்ட்டின் பவர் வயரும், கார்ட் சொக்கட்டில் நேராக அமர்ந்திருக்கிறதா என்பதும். மூதூரில் இருந்து பஸ்ஸில் கொண்டுவந்த ஒரு மெஷினில் வீட்டில் ஓடிய கார்ட் இங்கே வரும்போது சரிந்திருந்தது. பாரமான கார்ட் உள்ள மெஷினைக் கொண்டுபோகும்போது கேசிங்கைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், அப்போது கார்ட் நிமிர்ந்து நிற்கும். மிகப் பழைய கார்ட்களுக்கு இன்னொரு சிக்கல்: புது போர்ட்டின் யு.ஈ.எஃப்.ஐ. என்ற புதிய வகைப் பயோஸ் முறையை அறியாத கார்ட் படமே தராமல் போகலாம், கார்ட் நல்லதாக இருந்தாலும்.

வெளிச்சங்களே இல்லாத போர்ட் என்றால் சின்ன பஸர் ஒன்றை வாங்கி ஸ்பீக்கர் ஊசிகளில் கொழுவுங்கள். பீப் சத்தங்களின் அர்த்தம் கொம்பனிக்குக் கொம்பனி மாறும், கையேட்டைப் பாருங்கள். ரேமே இல்லாமல் ஓட்டும்போது அது கத்தினால், போர்ட்டும் புரொசெசரும் உயிரோடு இருக்கின்றன என்பதாவது நிச்சயம்.

எதுவும் பிடிபடவில்லை என்றால் பயோஸ் நினைவை அழியுங்கள். பிளக்கைக் கழற்றி, சி.ஆர்.2032 பற்றரியை எடுத்து ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள். ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போவைப் பயோஸில் போட்ட பிறகுதான் கறுப்பானது என்றால் பெரும்பாலும் இதோடு திரும்பி வரும்.

எழும்புகிறது, சில நிமிடத்தில் அணைகிறது

சூடு. பயோஸுக்குள் போய் புரொசெசர் வெப்பநிலையைப் பாருங்கள். எங்கள் வெயிலில் 40 பாகை, 50 பாகை நிற்பது பயப்படும்படி இல்லை. கண் முன்னே 70, 80, 90 என்று ஏறினால் கூலர் புரொசெசரைத் தொடவே இல்லை. கூலரின் அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் பூட்டியிருக்கலாம். இன்டெல் கூலரின் நான்கு தள்ளு ஊசிகளில் ஒன்று பின்பக்கம் வெளிவராமல் இருக்கலாம். கூலரைக் கழற்றும்போது, ஏ.எம்.4 சொக்கட் ரைசன் என்றால், நேரே மேலே இழுக்காதீர்கள். இடையில் பூசிய வெப்பப் பசை இறுகியிருந்தால் புரொசெசர் சொக்கட்டில் இருந்து பிடுங்கிக்கொண்டு வந்து ஊசிகள் வளையும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, நிறுத்தி, இடமும் வலமும் திருகித் திருகி எடுங்கள். "சி.பி.யு. ஃபேன் எரர்" என்று மட்டும் வந்தால் ஃபேன் வயர் வேறு ஊசிகளில் இருக்கிறது.

பயோஸ் வரை வருகிறது, விண்டோஸ் வரவில்லை

"நோ பூட்டபிள் டிவைஸ்" என்று வந்தால் மெஷின் பூட்டியதில் குறை இல்லை. புது டிஸ்க் வெறுமையாக இருக்கிறது, அவ்வளவுதான். விண்டோஸ் உள்ள பென் ட்ரைவைக் கொழுவி, அதில் இருந்து எழும்பச் சொல்லுங்கள். விசைப்பலகை வேலை செய்யவில்லை என்றால் பின்பக்கத்து யூ.எஸ்.பி. 2.0 சொக்கட்டுக்கு மாற்றுங்கள்.

பயோஸிலேயே டிஸ்க் தெரியாவிட்டால், போர்ட்டிலேயே நேராகக் கொழுவும் மெல்லிய எம்.2 டிஸ்க்கைச் சரிவாக நுழைத்து, முழுதாக உள்ளே தள்ளி, பிறகுதான் படுக்க வைத்து ஸ்க்ரூ போட வேண்டும். அந்த இடம் என்.வி.எம்.ஈ. வகையை ஏற்குமா, சாட்டா வகையை ஏற்குமா என்று கையேட்டில் பாருங்கள். சில போர்ட்களில் எம்.2 இல் ஒன்றைப் போட்டால் சாட்டா சொக்கட் ஒன்றிரண்டு வேலை செய்யாது. பயோஸில் தெரிந்து விண்டோஸ் நிறுவும் திரையில் மட்டும் தெரியாவிட்டால், இன்டெல் 11ஆம் தலைமுறையில் இருந்து, வி.எம்.டி. என்ற டிஸ்க் நிர்வாக வசதி காரணமாக இருக்கலாம். இன்டெல்லின் ஆர்.எஸ்.டி. ட்ரைவரைப் பென் ட்ரைவில் போட்டுக் கொடுங்கள், அல்லது பயோஸில் வி.எம்.டி.யை நிறுத்துங்கள்.

பழைய மெஷினின் டிஸ்க்கை அப்படியே கொண்டுவந்து போட்டவர்களுக்கு: அது எம்.பி.ஆர். என்ற பழைய டிஸ்க் பிரிப்பு முறையில் இருந்தால் புது போர்ட் அதில் இருந்து எழும்பாமல் போகலாம். முக்கியமான படங்களை, பாடக் குறிப்புகளை வேறொரு மெஷினில் எடுத்து வைத்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள். விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது, ஆகவே 11 தான். "இந்தக் கணினி ஏற்றதல்ல" என்று அது மறுத்தால் பயோஸில் ஏ.எம்.டி. என்றால் எஃப்.டி.பி.எம்., இன்டெல் என்றால் பி.டி.டி. என்ற பாதுகாப்பு வசதியை இயக்குங்கள்.

உண்மையிலேயே பாகம் பழுது என்றால்

தெரிந்தவர் ஒருவரின் ஓடுகிற மெஷினில் அந்தப் பாகத்தைப் போட்டு, அங்கேயும் ஓடவில்லை என்று பாருங்கள். வாங்கிய இடத்துக்கு எழுதும்போது எந்த வெளிச்சம் நின்றது, எதை எதை மாற்றிப் பார்த்தீர்கள் என்று வரிசையாக எழுதி, ஒரு சின்ன வீடியோவும் அனுப்புங்கள். அப்படி எழுதினால் மறுமுனையில் இருப்பவரும் முதலில் இருந்து தொடங்க வேண்டியதில்லை. மதர்போர்ட்டை அனுப்பினால் வந்த பையிலேயே போடுங்கள். இன்டெல் போர்ட், அல்லது ஏ.எம்.5 போர்ட் என்றால், புரொசெசரை எடுத்த பிறகு சொக்கட்டின் மேல் அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியைத் திருப்பிப் போட்டு, தொலைபேசியில் ஊசிகள் தெரிய ஒரு படமும், மூடியோடு ஒரு படமும் எடுத்து வையுங்கள். பஸ்ஸில் போகும்போது அந்த ஊசிகளில் ஒன்று வளைந்தாலும் வாரண்டி கிடைக்காமல் போகலாம். பெட்டி திறந்த அன்றைக்கே அந்த மூடியை எங்கே வைத்தீர்கள் என்று பாருங்கள்.